நீலப் பாட்டிலும் நனைஞ்ச ரிஜிஸ்டரும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சேர்வராயன் மலையில பூட்டிக் கிடக்கற எஸ்டேட் டிஸ்பென்சரிகளைப் பத்தி படத்தோட ஒரு பக்கம் போட்டிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில். சொல்றவர் சேலம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகள்ல மருந்து கொடுத்து ரிட்டயர் ஆனவர். ஃபார்மசிஸ்ட்னு போடலாமான்னு கேட்டோம், கம்பவுண்டர்னே போடுங்கன்னுட்டார்.

கேள்வி: ஏற்காட்டுல எங்க மாமனார் வாங்கின காபி தோட்டத்துக்குள்ள ஒரு பழைய டிஸ்பென்சரி ரூம் இருக்கு, ரொம்ப வருஷமா திறக்கவே இல்ல. இப்ப திறந்து பார்த்தா வெள்ளை பெயின்ட் அடிச்ச கண்ணாடிக் கதவு பீரோ, உள்ள பாட்டிலா நிக்குது. அதுல கருநீலத்துல, ஆறு பட்டையா, பக்கமெல்லாம் வரி வரியா மேடு வெச்ச பாட்டில் ரொம்ப அழகு. பூ வெக்க வேணும்னு பொண்ணு கேக்கறா. கழுவிக் குடுக்கலாமா? இதுக்கெல்லாம் விலை கிடைக்குமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: குடுக்காதீங்கம்மா. அது விஷ பாட்டில். அந்த வரி அழகுக்கு போட்டதில்ல, கரன்ட் இல்லாத ஊர்ல ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல நர்ஸம்மா கையை விட்டு பாட்டில் எடுக்கும்போது, கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி விரல் சொல்லிடணும் இது உள்ளுக்கு குடிக்கற மருந்து இல்லைன்னு, அதுக்குத்தான் அந்த மேடு, அதுக்குத்தான் அந்த கருநீலம், சிலது கரும்பச்சையிலயும் இருக்கும். திருப்பிப் பாருங்க, குடிக்கக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல கண்ணாடியிலயே எழுத்து எழும்பி இருக்கலாம். கார்பாலிக் ஆசிட், லைசால், வெளியில தடவற லினிமென்ட், அம்மோனியா மாதிரி சமாச்சாரமெல்லாம் அதுலதான் ஊத்தி வெப்பாங்க. எத்தனை தடவை கழுவினாலும் அந்த வரிக்குள்ளயும் கழுத்துலயும் என்ன ஒட்டியிருக்குன்னு வீட்ல உக்காந்து யாராலயும் சொல்ல முடியாது. பூ ஜாடிக்கு வேற பாட்டிலா கிடைக்கல?

உங்க தோட்டத்துல டிஸ்பென்சரி இருந்தது ஆச்சரியமே இல்லீங்க. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை 1820-கள்ல மலைக்கு காபியை கொண்டுவந்து விட்டதுலேர்ந்து கூலிக்கு ஆள் மலையேற ஆரம்பிச்சது, காய்ச்சலும் கூடவே ஏறுச்சு. அப்புறம் 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆளுங்களுக்கு வைத்திய வசதி நீதான் செஞ்சு தரணும்னு முதலாளி தலையில கட்டிருச்சு. அதனால கொஞ்சம் பெரிய எஸ்டேட்டா இருந்தா ஒரு ரூம், ஒரு பீரோ, ஒரு கம்பவுண்டர்.

இப்ப பீரோவுக்கு வர்றேன், ஏன்னா நீங்க கேக்காத விஷயம்தான் எனக்கு பயமா இருக்கு. நீலப் பாட்டிலை விடுங்க, அது நான் விஷம்னு தானே சொல்லிக்குது. சொல்லாம நிக்கறது மூணு இருக்கு. காபி கலர் பாட்டில்ல குளோரோஃபார்ம் இருக்கலாம், அது வெளிச்சமும் காத்தும் பட்டா மெதுவா ஃபாஸ்ஜீன்ங்கற வாயுவா மாறும், முதல் உலக யுத்தத்துல எதிரியைக் கொல்ல விட்டாங்களே அதே வாயு, அதனாலதான் அதை கருப்புக் கண்ணாடியில கொஞ்சம் ஆல்கஹால் கலந்து வெக்கறது வழக்கம். அடுத்தது ஈதர். மயக்கம் குடுக்க வெச்சிருந்தது. வருஷக்கணக்கா கிடந்தா அதுல பெராக்சைடுன்னு ஒண்ணு சேர்ந்துக்கும், மூடி ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி தெரிஞ்சா தொடவே தொடாதீங்க, ஆட்டினாலும் திருகினாலும் வெடிக்கற சரக்கு அது. மூணாவதுதான் ரொம்ப மோசம், பிக்ரிக் ஆசிட். எலுமிச்சை மஞ்சள்ல இருக்கும். தீக்காயத்துக்கு அந்தக் காலத்துல கட்டுப் போட்டது, மூத்திரத்துல புரோட்டீன் போகுதான்னு பாக்கற எஸ்பாக் டெஸ்டுக்கும் அதுதான். ஈரமா இருக்கற வரைக்கும் சும்மா இருக்கும். காஞ்சு போனா அது வெடிமருந்துங்க, நிஜமாவே பீரங்கிக் குண்டுல அடைச்ச வெடிமருந்து. மூடியோட மரை இடுக்குல காஞ்சு ஒட்டியிருந்தா திறக்கறதுக்கு திருகற உரசலே போதும்.

அதனால ஒரு மூடியும் திறக்க வேண்டாம், மோந்து பாக்க வேண்டாம், சிங்க்லயோ காபிச் செடி குழியிலயோ கொட்ட வேண்டாம். வெளிய நின்னு போன்ல படம் எடுங்க, லேபிள் படிக்கற அளவுக்கு பெருசு பண்ணிப் பாருங்க. மஞ்சள் தூளோ உப்புப் பூத்த மூடியோ தெரிஞ்சா கதவை சாத்திட்டு தீயணைப்பு நிலையத்துக்கோ போலீசுக்கோ சொல்லுங்க, அவங்க அதுக்கு உண்டான ஆளைக் கூட்டிட்டு வருவாங்க. மார்ஃபின், பெத்தடின், ஓப்பியம்னு எதாச்சும் லேபிள் இருந்தா மருந்து ஆய்வாளர் ஆபீசுக்கு எழுத்துல தகவல் கொடுத்திருங்க, 1985 போதைப் பொருள் சட்டத்துல அதை வீட்ல வெச்சிருக்கறதே கேஸ், தாத்தா காலத்து சரக்குன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

விலை கேட்டீங்க. காலி விஷ பாட்டிலை சேகரிக்கறவங்க இருக்காங்க, வாங்குவாங்க. ஆனா என்னைக் கேட்டா அந்த பீரோவுல விலை மதிப்பானது பாட்டிலே இல்ல. கீழ் தட்டுலயோ மேஜை டிராயர்லயோ ஒரு நோட்டு இருக்கும் பாருங்க, யார் வந்தாங்க என்ன மருந்து வாங்கினாங்கன்னு எழுதினது. அதைப் பத்திரமா எடுத்து வைங்க. அதைப் பத்தி பின்னாடி இன்னொருத்தர் கேட்டிருக்கார், அங்க சொல்றேன்.

கேள்வி: சார் நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், இன்ஜினியரிங் படிக்கறோம். ஊருக்கு வெளிய ஒரு பாழடைஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, ராத்திரி போய் ரீல்ஸ் எடுக்கலாம்னு பிளான். பேய் இருக்குன்னு சொல்றாங்க, உண்மையா? என்ன எடுத்துட்டு போகணும்?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பேய் இருந்தா அது உங்களைப் பாத்து ஓடிரும் தம்பி. நான் பயப்படறது உளுத்துப் போன மாடிப்படிக்கும், ஓட்டுக்கு கீழ கூடு கட்டின தேனீக்கும், தரையில குப்பையோட குப்பையா கிடக்கற ஊசிக்கும். பூட்டு போட்டிருந்தா உள்ள போறது அத்துமீறல், ஓனர் கம்ப்ளைன்ட் குடுத்தா கேஸ் ஆகும், கேஸ் ஆனா பாஸ்போர்ட்டுக்கு அலைவீங்க. படம் எடுக்கணும்னா ஓனர் கிட்டயோ, அரசு கட்டடம்னா அந்த ஆபீஸ்லயோ அனுமதி வாங்கி, பகல்ல, பூட்ஸ் போட்டுக்கிட்டு, மாஸ்க் மாட்டிக்கிட்டு போங்க. வவ்வால் எச்சமும் பூஞ்சையும் நிறைஞ்ச ரூம்ல வாயைத் திறந்து டயலாக் பேசறதெல்லாம் நெஞ்சுக்கு ஆகாது. உள்ள எதையும் எடுக்காதீங்க, நகர்த்தவும் நகர்த்தாதீங்க. எது எங்க இருந்துச்சுங்கறதுதான் பாதி கதை, வீடியோவுக்காக ஸ்ட்ரெச்சரை நடுவுல இழுத்துப் போட்டு மேல பொம்மை வெக்கறாங்களே, பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கேள்வி: என் அம்மாவுக்கு எண்பது வயசு தாண்டிருச்சு. அந்தக் காலத்துல பெரியாஸ்பத்திரிக்கு போனா வீட்லேர்ந்து பாட்டில் கொண்டு போகணும், இல்லைன்னா மருந்து தர மாட்டாங்கன்னு சொல்றாங்க. பாட்டில்ல பேப்பர் வெட்டி ஒட்டுவாங்கன்னும் சொல்றாங்க. அது எதுக்கு? எல்லா வியாதிக்கும் அதே ரோஸ் கலர் தண்ணிதானாமே?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அம்மா சொல்றது அத்தனையும் நெஜம். மருந்து மொத்தமா பெரிய ஜாடியில கலந்து நிக்கும், ஊத்திக் குடுக்க அரசாங்கம் பாட்டில் தராது, அதனால நல்லெண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், சோடா பாட்டில்னு ஜனங்க எதையாச்சும் சாம்பல் போட்டு தேச்சுக் கழுவி கொண்டுவருவாங்க. நாங்க ஒரு துண்டு பேப்பரை மடிச்சு கத்திரிக்கோல்ல ஓரத்தை பல்லு பல்லா வெட்டி பாட்டில் பக்கத்துல ஒட்டுவோம். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல இருக்கறது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அதைவிட தெளிவா அளவு சொல்ல முடியாதுங்க, இன்னிக்கு மருந்து கடையில தர்ற பிளாஸ்டிக் மூடியில அஞ்சு எம்எல் கோடு எங்க இருக்குன்னு நானே கண்ணாடி போட்டு தேடறேன்.

கலர் தண்ணின்னு கிண்டல் பண்ணுவாங்க, நியாயம்தான், ஆனா முழுசும் நியாயம் இல்ல. வயித்து உப்புசத்துக்கு கார்மினேட்டிவ் மிக்சர், மூத்திரக் கடுப்புக்கு ஆல்கலைன் மிக்சர், இருமலுக்கு வேற ஒண்ணு, கொயினா மிக்சர் ஒண்ணு. கொயினாவை வாயில வெச்சவங்க ஆயுசுக்கும் அந்த கசப்பை மறக்க மாட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துல அதை போஸ்ட் ஆபீஸ்லயே சின்னப் பொட்டலமா கட்டி காசுக்கு வித்தாங்க, மலேரியா அந்த அளவுக்கு இருந்தது. கலர் போட்டதுக்கும் ஒரு காரணம், பத்து ஜாடி வரிசையா நிக்கும்போது எது எதுன்னு தப்பாம எடுக்கணும்ல. மருந்து அடியில படியும், அதனால குலுக்கிக் குடிக்கணும். குலுக்காம குடிச்சா முதல் நாள் வெறும் தண்ணி, கடைசி நாள் அத்தனை மருந்தும் ஒரே மடக்குல.

பாழடைஞ்ச ஆஸ்பத்திரிகள்ல இந்த பல்லு வெட்டின பேப்பர் ஒட்டின பாட்டில் எங்கயாச்சும் ஒண்ணு கிடைச்சா தயவுசெஞ்சு தண்ணியில ஊறப் போட்டு பளபளன்னு ஆக்கிடாதீங்க. அந்த பேப்பர் போயிருச்சுன்னா அது வெறும் எண்ணெய் பாட்டில்.

கேள்வி: பழைய பாட்டிலும் டப்பாவும் சேத்து வெக்கற பழக்கம் எனக்கு. எந்த வருஷத்து மருந்துன்னு எப்படி கண்டுபிடிக்கறது? தேதியே போட்டிருக்க மாட்டேங்குதே.
– ஆசிரியர், ஆத்தூர்

பதில்: தேதி போடலைன்னாலும் லேபிள் வேற வழியில வயசைச் சொல்லிரும் சார். விலை அணாவுல இருந்தா 1957 ஏப்ரலுக்கு முன்னாடி, ஏன்னா அப்பதான் நயா பைசா வந்தது. அளவு கிரெய்ன், மினிம், டிராம், அவுன்ஸ்னு இருந்தா அதுவும் ஏறக்குறைய அந்தக் காலம்தான், மெட்ரிக் அளவு 1958-லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வந்தது, ஒரு கிரெய்ன்னா இன்னிக்கு கணக்குக்கு சுமார் 65 மில்லிகிராம். மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்தா 1969-க்கு முன்னாடி. அட்ரஸ்ல பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் பேர் இருந்தா அது 1994-ல ஆரம்பிச்ச அமைப்பு, அதனால அது நேத்து சரக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு பாழடைஞ்சு கிடந்தாலும் சரி. அதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல இருந்த மத்திய அரசு மெடிக்கல் ஸ்டோர் டிப்போ முத்திரை கிடைச்சா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.

லேபிளே இல்லைன்னா கண்ணாடியைப் பாருங்க. அச்சுல வார்த்த பாட்டிலுக்கு பக்கத்துல ஒரு கோடு ஓடும். அது கழுத்தோட நின்னு போயி வாய் ஓரம் வழவழன்னு இருந்தா வாயை மட்டும் ஆள் கையால முடிச்ச பழைய பாட்டில், கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தா மெஷின். முழு ஆட்டோமேட்டிக் பாட்டில் மெஷினை அமெரிக்காவுல ஓவன்ஸ்ங்கறவர் கொண்டுவந்ததே 1903 வாக்குலதான், நம்ம பக்கம் வர இன்னும் நாளாச்சு.

டிஞ்சர்னு போட்ட பாட்டில் நிறைய கிடைக்கும் உங்களுக்கு. டிஞ்சர்னா ஆல்கஹால்ல ஊற வெச்ச மருந்து. நாட்டுலயே முதல் முதலா 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கு வந்தது நம்ம சேலம் ஜில்லாவுலதான், ராஜாஜி பிரீமியரா, அதாவது அப்போதைய முதலமைச்சரா இருந்தப்ப. கடை மூடினா கண்ணு மருந்து பீரோ பக்கம் போகும்ல, அதனால டிஞ்சர் பாட்டிலுக்கு பூட்டு போட வேண்டியதா இருந்தது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். இஞ்சி டிஞ்சர் பாட்டில் கிடைச்சா அதுல எத்தனை பேர் வயித்து வலி பொய்யின்னு எழுதியிருக்காது.

கேள்வி: மாத்திரை டப்பாவுக்குள்ள மாத்திரை அப்படியே புதுசு மாதிரி இருக்கு. எக்ஸ்பயரி ஆனா பவர் கம்மியாகும், அவ்வளவுதானே?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: அவ்வளவுதான் இல்ல. டெட்ராசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக், கெட்டுப் போனதை சாப்பிட்டவங்களுக்கு கிட்னி அடி வாங்கினது 1963-லயே டாக்டர்கள் பத்திரிகையில வந்தது. தூக்கிப் போடுங்க, டாய்லெட்ல இல்ல.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கேன், கொலுசு வேலை. மூடின ஒரு ஆஸ்பத்திரியில இருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்னு கட்டுக் கட்டா ஒருத்தர் கொண்டு வந்திருக்கார். அதுல வெள்ளி இருக்குங்கறார். உண்மையா? பத்த வெச்சு சாம்பல்லேர்ந்து எடுத்துடலாமா?
– பட்டறைக்காரர், சேலம்

பதில்: வெள்ளி இருக்கு, பொய் இல்ல. அந்த படத்துல கருப்பா தெரியறது பூராவும் பொடி வெள்ளிதான், பிளாஸ்டிக் மேல ஜெலட்டின்ல ஒட்டி நிக்குது. உங்களுக்கு வெள்ளி புதுசில்ல, ஆனா ஃபிலிம் புதுசு. பத்த வெக்கற யோசனையை இப்பவே விட்டுருங்க.

காரணம் சொல்றேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நைட்ரோசெல்லுலோஸ்ல செஞ்சது, துப்பாக்கிப் பஞ்சுன்னு ஒரு வெடிமருந்து இருக்கே, அதுக்கு தம்பி. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்குன்னு பெரிய ஆஸ்பத்திரி, 1929 மே 15-ம் தேதி பேஸ்மென்ட்ல அடுக்கி வெச்சிருந்த எக்ஸ்ரே ஃபிலிம் சூடேறி பத்திக்கிச்சு, 123 பேர் செத்தாங்க, நெருப்புல வெந்ததைவிட அந்த விஷப் புகையை இழுத்து செத்தவங்கதான் அதிகம். அதுக்கப்புறம்தான் சுலபமா தீப்பிடிக்காத சேஃப்டி ஃபிலிமுக்கு எல்லா ஊரும் மாறுச்சு. உங்க கிட்ட வந்தது அவ்வளவு பழசா இருக்க வாய்ப்பு கம்மி. நம்ம ஊட்டியிலயே 1960-ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்ததே, இந்துன்னு பேர் போட்டு வரும், நம்ம ஆஸ்பத்திரிகள்ல நானே எத்தனையோ பெட்டி பிரிச்சிருக்கேன், அந்த மாதிரி சேஃப்டி ஃபிலிமாத்தான் இருக்கும். கட்டைப் பிரிச்சா காடி வாசனை, அதாவது புளிச்ச வினிகர் வாசனை அடிச்சா அசிடேட் ஃபிலிம் கெட்டுப் போகுதுன்னு அர்த்தம். அது வெடிக்காது, ஆனா அதையும் எரிச்சா புகை நல்ல புகை இல்ல, உங்க பட்டறை இருக்கற சந்துல எத்தனை குடும்பம் இருக்குன்னு யோசிங்க. லைசென்ஸ் உள்ள மறுசுழற்சிக்காரங்க ஃபிலிமை கழுவி வெள்ளியைத் தனியா எடுப்பாங்க, அவங்க கிட்ட அனுப்பறதுதான் வழி.

அப்புறம் இன்னொண்ணு. ஓரத்துல ஆள் பேரும் தேதியும் இருக்கும் பாருங்க. ஒருத்தரோட நெஞ்சு படம் அது, அதை கடை வாசல்ல தொங்க விடறது, குழந்தைங்களுக்கு சூரிய கிரகணம் பாக்கக் குடுக்கறது, ரெண்டும் வேண்டாம். கிரகணத்துக்கு அது கண்ணையும் காப்பாத்தாது.

கேள்வி: இரும்புக் கடை வெச்சிருக்கேன். மூடின ஆஸ்பத்திரி சாமான் மொத்தமா ஏலம் எடுத்தா லாபம்னு பார்ட்னர் சொல்றார். கட்டில், ஸ்டீல் டிரம், மெஷின் எல்லாம் வரும். எதைப் பாத்து எடுக்கணும்?
– பழைய இரும்பு வியாபாரி, சீலநாயக்கன்பட்டி

பதில்: கட்டில், டிரெஸ்ஸிங் டிரம், ட்ரே, சலைன் ஸ்டாண்டு இதெல்லாம் எடுங்க, தாராளமா. எக்ஸ்ரே மெஷின்னு பேர் கேட்டு பயப்படாதீங்க, அது கரன்ட் இருந்தாத்தான் கதிர் விடும், பிளக் புடுங்கினா வெறும் இரும்பு, கண்ணாடி, எண்ணெய்தான். அந்த எண்ணெய் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்யா இருந்தா அதையும் தரையில கொட்ட வேண்டாம்.

நீங்க பயப்பட வேண்டியது கரன்டே இல்லாம வேலை செய்யற மெஷினுக்கு. கேன்சருக்கு கதிர் வெக்கற மெஷின்ல தானாவே கதிர் விடற கோபால்ட்டோ சீசியமோ உள்ள உக்காந்திருக்கும், அதுக்கு சுவிட்ச் கிடையாது, ஆஸ்பத்திரி மூடினாலும் அது மூடாது. 1987 செப்டம்பர்ல பிரேசில் நாட்டுல கோயானியாங்கற ஊர்ல என்ன நடந்ததுன்னு கேளுங்க. கதிர் சிகிச்சை கிளினிக் வேற இடத்துக்கு மாறிப் போச்சு, ஒரு மெஷினை மட்டும் பழைய கட்டடத்துலயே விட்டுட்டுப் போனாங்க. ரெண்டு பேர் உள்ள போயி ஈயம் இருக்கு, காசாகும்னு அதைக் கழட்டி தள்ளுவண்டியில வெச்சு வீட்டுக்கு கொண்டு வந்து பிரிச்சு, உங்களை மாதிரி ஒரு இரும்புக் கடைக்காரருக்கு வித்தாங்க. உள்ள இருந்த சீசியம் பொடி ராத்திரி நீலமா மின்னிச்சு. அதிசயம்னு அவர் வீட்டுக்குள்ள வெச்சு சொந்தக்காரங்களை கூப்பிட்டுக் காட்டினார், ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார், மேல பூசிக்கிட்டவங்களும் உண்டு. ஒரு ஆறு வயசு பொண்ணு அதே கையோட சாப்பிட்டிருச்சு. நாலு பேர் செத்தாங்க, அந்தக் குழந்தையும் கடைக்காரரோட மனைவியும் அதுல உண்டு. 249 பேர் உடம்புல பொடி ஒட்டியிருந்தது, சோதனை பண்ணினது ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரம் பேரை. வீடுங்களை இடிச்சு மண்ணைக் கூட வாரிட்டுப் போனாங்க. எல்லாம் ஒரு பாழடைஞ்ச ஆஸ்பத்திரி ரூமைப் பூட்டாம விட்டதுலேர்ந்து.

அது பிரேசில்னு நினைக்காதீங்க. 2010-ல டெல்லி மாயாபுரி இரும்பு மார்க்கெட்ல ஒரு யுனிவர்சிட்டி ஏலத்துல விட்ட பழைய மெஷினுக்குள்ள கோபால்ட்-60 இருந்து, பிரிச்ச தொழிலாளி ஒருத்தர் செத்தே போனார். தமிழ்நாட்டுலயும் கதிர் சிகிச்சை நேத்து வந்ததில்ல, மெட்ராஸ் ஜி.எச்-ல பர்னார்டு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சது 1934. சீசியம் பாதியா குறையவே 30 வருஷம் ஆகும், அந்தக் காலத்துல ஊசியில அடைச்சு வெச்ச ரேடியத்துக்கு 1600 வருஷம்.

அதனால சைஸுக்கு மீறின கனம் இருக்கற உருண்டையோ டப்பாவோ, மேல மஞ்சள்ல மூணு இறக்கை வெச்ச ஃபேன் மாதிரி முத்திரையோ பாத்தா, அறுக்காதீங்க, உருட்டாதீங்க, தள்ளி நில்லுங்க, ஆளுங்களையும் தள்ளி நிக்க வைங்க, போலீசுக்கு சொல்லுங்க. மும்பையில இருக்கற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு தகவல் போகும். முத்திரை உரிஞ்சு போயிருக்கலாம், அதனால கனத்தை நம்புங்க. ஏலம் விடறவங்க கிட்ட, உள்ள கதிர் விடற பொருள் எதுவும் இல்லைன்னு எழுதி வாங்காம கையெழுத்து போடாதீங்க, லாபம் போனா போகட்டும்.

கேள்வி: பழைய பீரோவுல பாதரச பி.பி. மெஷின் கிடைச்சது. பசங்க எடுத்து விளையாடி உடைச்சு பாதரசம் தரையில ஓடிருச்சு. கையில எடுத்து உருட்டி விளையாடினாங்க. என்ன பண்றது?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: முதல்ல பசங்களையும், காலடியில சுத்தற நாய் பூனையையும் வெளிய அனுப்புங்க, ஜன்னல் திறங்க, ஃபேனைப் போடாதீங்க. உங்க மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் கழட்டி வெச்சிருங்க, பாதரசம் தங்கத்துலயும் வெள்ளியிலயும் ஒட்டி உள்ள இறங்கிரும். துடைப்பத்தால கூட்டாதீங்க, வேக்யூம் கிளீனர் போடவே கூடாது, ரெண்டும் அதைப் பொடியாக்கி காத்துல கலந்து விட்டுரும். கையுறை மாட்டிக்கிட்டு கெட்டி அட்டை ரெண்டை வெச்சு உருண்டைகளை ஒண்ணா ஒதுக்கி, சொட்டு மருந்து போடற ஃபில்லரால உறிஞ்சி, மூடி இறுக்கமா இருக்கற பாட்டில்ல கொஞ்சம் தண்ணியோட போட்டு மூடுங்க. மிச்ச பொடிசுக்கு ஒட்டற டேப். பசங்க கையைக் கழுவுங்க, அந்த டிரெஸ்ஸை தனியா போடுங்க, இருமலோ மூச்சு வாங்கறதோ இருந்தா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி பாதரசம்னு சொல்லுங்க. தெர்மாமீட்டர்ல இருக்கறது ஒரு கிராம் பக்கம்தான், பி.பி. மெஷின்ல 80, 100 கிராம் வரைக்கும் இருக்கும், அதனால ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க. கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரச விவகாரத்துல 2001-ல மூடினதை இன்னும் அந்த மலை சுமக்குது.

முட்டியில அடிபட்டா தடவுவோமே செவப்பா, மெர்குரோக்ரோம், அதுலயும் பாதரசம்தான். பீரோவுல அந்த பாட்டில் இருந்தா அதையும் சேத்து ஓரம் கட்டுங்க.

கேள்வி: மூடின ஒரு ஆஸ்பத்திரியில ரிஜிஸ்டர் நோட்டு மூட்டை மூட்டையா மழையில நனைஞ்சு கிடக்கு. பேப்பர் கடையில கிலோ கணக்குல எடுத்துக்கறேங்கறாங்க. எனக்கு மனசு வரல, ஆனா வெச்சு என்ன பண்றதுன்னும் தெரியல.
– வாசகர், கோரிமேடு

பதில்: இந்த ஒரு கடுதாசிக்காகத்தான் இந்த பக்கத்துக்கே ஒத்துக்கிட்டேன். எல்லாரும் நீலப் பாட்டில் கேக்கறாங்க, நோட்டை யாரும் கேக்கறதில்ல. பாட்டில் இங்கிலாந்துலயும் கிடைக்கும், அதே மாதிரி ஆயிரம். அந்த ஓ.பி. ரிஜிஸ்டர் ஒண்ணே ஒண்ணுதான். தேதி, பேர், வயசு, ஊர், வியாதி, மருந்து, அவ்வளவுதான் எழுதியிருப்போம், ஆனா ஒரு வருஷத்து பக்கத்தைப் புரட்டினா எந்த மாசம் எந்த ஊர்ல பேதி வந்தது, எந்த தோட்டத்து ஆளுங்களுக்கு கொக்கிப்புழு, ரத்த சோகை, எந்த கிராமத்துலேர்ந்து பிரசவத்துக்கு யாருமே வரல எல்லாம் தெரியும். அம்மை குத்தின ரிஜிஸ்டர் இருக்கலாம், பெரியம்மை இல்லாத நாடுன்னு 1977-ல இந்தியாவை அறிவிச்சாங்களே, அது இந்த மாதிரி நோட்டுல வீடு வீடா பேர் எழுதி எழுதி வந்ததுதான். நாங்க எழுதின கையெழுத்து கோழி கிறுக்கல்தான், ஆனா பொய் எழுதல.

பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர் அதுல கலந்திருந்தா அது உங்களுதும் இல்ல, பேப்பர் கடைக்காரருதும் இல்ல. 1969 சட்டப்படி அது அரசாங்கத்து ஆவணம், வயசு சான்றிதழுக்கு இன்னிக்கும் யாராச்சும் அதைத் தேடி அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. சுகாதாரத் துறை ஆபீசுக்கு எழுதுங்க, பதில் வரலைன்னா கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல நேர்ல போங்க. ரொம்ப பழசு, வெள்ளைக்காரன் காலத்துதுன்னா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, அவங்களுக்கு ஒரு கடிதம் போடுங்க.

அதுவரைக்கும் நோட்டைக் காப்பாத்தணும். மாஸ்க் போட்டுக்குங்க, பூஞ்சை. ஈர நோட்டை வெயில்ல காய வெக்காதீங்க, பக்கம் முறுக்கிக்கும், மசி வெளுத்துரும். நிழல்ல, ஃபேன் காத்துல, நோட்டை நிமித்தி வெச்சு பக்கம் லேசா விரிஞ்ச மாதிரி விடுங்க, பத்து இருபது பக்கத்துக்கு ஒரு தடவை வெள்ளைத் தாள் சொருகி ஈரமானதும் மாத்துங்க, நியூஸ் பேப்பர் சொருகினா அதோட மை இதுல இறங்கும். சொதசொதன்னு ஒட்டிக் கிடந்தா பிரிக்கவே பிரிக்காதீங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வைங்க, பூஞ்சை நின்னுரும், அப்புறமா ஆள் தேடிக்கலாம். கோரிமேட்டுல ஐஸ்கிரீம் கடைக்காரர் யாராச்சும் பழக்கமா இருந்தா கேட்டுப் பாருங்க, நான் விளையாட்டுக்கு சொல்லல. காஞ்சதுக்கு அப்புறம் ராமபாணப் பூச்சி வராம இரும்பு பீரோவுல.

போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அதுல இருக்கற பேர் எல்லாம் யாரோட பாட்டியோ தாத்தாவோ. தொழுநோய், டி.பி., கருக்கலைப்புன்னு பக்கத்துல எழுதியிருக்கும். பேரை மறைச்சுட்டு போடுங்க.

கேள்வி: மருந்து பீரோ ஈட்டி மரம், கரையான் கூட தொடல. மளிகை சாமான் வெக்கற அலமாரியா மாத்திக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: புத்தகம் வைங்க, துணி கூட வேண்டாம், மளிகை வேண்டவே வேண்டாம். மரம் மருந்தைக் குடிச்சிருக்கும். வெள்ளை பெயின்ட் அடிச்சதுன்னா அதை சுரண்டவும் செய்யாதீங்க, அந்தக் காலத்து பெயின்ட்ல ஈயம் சர்வ சாதாரணம், 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்ல. சுரண்டின தூளை குழந்தை நக்கினா போதும். மேல நல்ல பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சு மூடிருங்க.

கேள்வி: கண்ணாடி சிரிஞ்சு ஒரு பெட்டி நிறைய கிடைச்சது. மெகந்தி போட யூஸ் பண்ணலாமா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: பெட்டியைத் திறந்தா சிரிஞ்சு குழாய்லயும் உள்ள போற தண்டுலயும் ஒரே நம்பர் பொறிச்சிருக்கும் பாரு கண்ணு, ஜோடி மாறினா மருந்து ஒழுகும், ஒண்ணுக்கொண்ணு சேத்து தேச்சு செஞ்சது. ஊசியையும் தூக்கிப் போட மாட்டாங்க, மழுங்கினா சாணைக் கல்லுல தீட்டி, ஓட்டைக்குள்ள மெல்லிசு கம்பியை விட்டு அடைப்பு எடுத்து, கொதிக்கற தண்ணியில போட்டு மறுபடி அடுத்த ஆளுக்கு. அப்படி எத்தனை பேரைக் குத்தின ஊசின்னு அதுக்கே தெரியாது. ஊசியை கையால தொடாம இடுக்கியால எடுத்து கெட்டி டப்பாவுல போட்டு மூடி, பக்கத்து ஆஸ்பத்திரியில மருத்துவக் கழிவுக்கு குடுத்துரு. குழாயை வேணும்னா ஜோடி மாறாம பஞ்சுல சுத்தி ஷோகேஸ்ல வை. மெகந்திக்கு கடையில கோன் விக்குது, அதை வாங்கிக்க.